ஊத்துக்கோட்டை நிலத்தைப் பற்றி நீ கேட்டதற்கு

தண்டையார்பேட்டை,
தை மாதம்.

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அண்ணன்கள் கேட்கிற விடுதலைப் பத்திரத்தில், அதாவது அப்பா நிலத்தில் உனக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில், கையெழுத்துப் போடலாமா என்று நீ கேட்டிருந்த விஷயம் பேனாவை ஓடவிடவில்லை. மறுநாள் எப்படியும் அத்தை வீட்டுக்குக் கிளம்புகிறோம், போய்விட்டு வந்து எழுதலாம் என்று வைத்துவிட்டேன். இப்போது வந்த கையோடு எழுதுகிறேன். துணி மூட்டையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இனிமேல் சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய் போட்டாய் என்று எண்ணிவிடுவார், ஜாக்கிரதை. தமிழ் படிக்கத் தெரியாத பேரன் பேத்திதான் எனக்கு வாய்க்கும் என்று புலம்பியிருக்கிறாயே, முதலில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும் தாயே.

இங்கே போகி வழக்கம்போலத்தான். டயர் எரிக்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் மேளம் குறையவில்லை. சின்னவன் விடியற்காலை நாலு மணிக்கே தெருவில் இறங்கி, குச்சி உடையும்வரை தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான்.

அன்றைக்கே மதியம் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினோம். அப்பா இருந்தவரை அத்தைக்குப் பொங்கல் சீர் அவர் கையால்தான் போகும். இப்போது தம்பி துபாயில் இருக்கிறான். பணம் அனுப்பிவிடுகிறான், தூக்கிக்கொண்டு போவது நான். புடவை, வேட்டி, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு ஜோடி கரும்பு. பண்டிகைக் கூட்டத்தில் மின்சார ரயிலில் கரும்போடு ஏறிப் பார், ஊரே உனக்கு உறவாகிவிடும். இதெல்லாம் போதாதென்று காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரமும் நெத்திலிக் கருவாடும் வேறு. அத்தை பார்த்ததும் சிரித்துவிட்டாள். "பழவேற்காட்டு இறால் எங்க வாசலுக்கே வருது, நீ பட்டணத்திலேருந்து மீன் தூக்கிட்டு வர்றியா?" ஆனால் நெத்திலிக் கருவாட்டை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துப் பானையில் வைத்துக்கொண்டாள்.

எண்ணூர் தாண்டிக் கழிமுகத்தின் மேல் வண்டி போகும்போது சின்னவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. இந்தப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை போடுகிற ஆட்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகம் முழுக்கக் கறுத்துக் கிடந்ததை உனக்கு எழுதியிருந்தேன். இப்போது மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மீனவர்களைக் கேட்டால்தான் நிஜம் தெரியும்.

மீஞ்சூர் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. பொன்னேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அத்தை வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அதை எங்கள் மாடி வீட்டில் படுத்துக்கொண்டு எப்படி உணர்வது? அங்கே திண்ணையில் படுத்த என் வீட்டுக்காரர் நடு இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டார்.

பொங்கலும் மாட்டுப் பொங்கலும் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மாட்டுக் கொம்புக்குச் சின்னவன் பச்சைப் பெயின்ட் அடிக்கிறேன் என்று பாதியைத் தன் சட்டைக்கு அடித்துக்கொண்டான். டிராக்டருக்கும் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். அத்தை வைத்த மொச்சைக்கொட்டைக் குழம்பை நினைத்தால் இப்போதும் நாக்கில் ஊறுகிறது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அறுப்பைப் பற்றி. டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயல் கரையோரம் நகராமல் நின்று கொட்டியதே, அப்போது மாமாவின் தாழ்ந்த வயலில் தண்ணீர் தேங்கிவிட்டது. கதிர் பிடித்த நேரம். பிழைத்ததே பெரிது, ஆனால் பாதி வயல் பாய் விரித்தாற்போல் சாய்ந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் அறுத்திருக்க வேண்டியது, ஈரத்தால் தள்ளிப்போனது. டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கினால் புதைந்துவிடும் என்று செயின் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லோரும் அதையே கேட்டதால் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்தான் முறை வந்தது. ஆத்தூர் பக்கத்து டிரைவர். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார், ஆனால் வண்டியை இறக்கவில்லை. பனி காயாமல் அறுத்தால் வைக்கோல் சுற்றிக்கொண்டு வண்டி நின்றுவிடுமாம். பத்து மணிவரை வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

வண்டி இறங்கிய பிறகுதான் சாய்ந்த கதிரின் அருமை தெரிந்தது. நின்ற பயிரென்றால் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடலாம். சாய்ந்ததை எதிர்ப்பக்கமாக வந்து, கத்தியைத் தரையோடு தாழ்த்தி, நத்தை வேகத்தில்தான் தூக்கி எடுக்க வேண்டும். வாடகையோ மணிக்கணக்கு. மாமா வாயைத் திறக்கவில்லை, வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்குப் பின்னால் கொக்குக் கூட்டம் பூச்சி பொறுக்கிக்கொண்டு நடந்தது. சின்னவனுக்கு அது போதும், மதியம் சாப்பிடக்கூட வரவில்லை.

நெல் பி.பி.டி. ஆந்திராவில் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கி 1986-ல் வெளியிட்ட ரகம், நாம் கடையில் சன்ன அரிசி என்று வாங்குகிறோமே, அதில் பெரும் பங்கு இதுதான். கிட்டத்தட்ட ஐந்து மாதப் பயிர். அதைச் சாலையோரம் கொட்டிக் காயவைத்து, பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாமாவுக்கு மீட்டர் வேண்டாம். இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பார். 'கடக்'கென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. அன்று மாலைவரை சத்தம் வரவில்லை.

சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். பெரியவள் போனில் கணக்குப் போட்டாள். கிலோ இருபத்தைந்தரை ரூபாய் நெல். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். "அப்போ செங்குன்றம் மண்டியிலேருந்து நம்ம தெருக் கடைக்கு வர்றதுக்குள்ள விலை எப்படிப்பா இவ்வளவு ஏறுது?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நெல்லைக் கடித்தார்.

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர்ப் பேச்சு வந்தது. குட்டி, நமக்குத் தெரியாத கதை இது. அறுபதுகளின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் அரசாங்கம் கிணறு இறக்கி, மணலி ஆலைகளுக்கும் பட்டணத்துக்கும் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தது. எடுக்க எடுக்க, கடல் தண்ணீர் நிலத்துக்கு அடியில் உள்ளே ஏறிவிட்டது. மீஞ்சூர் பக்கம் நன்றாக இருந்த கிணறெல்லாம் உப்பாகிப்போனது. எங்கள் தாத்தா நிலமும் அதில் ஒன்று. அப்புறம் 2003, 2004 பஞ்சத்தில் இந்தப் பக்கத்து விவசாயிகளிடமே கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கி லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். மாமாவும் விற்றிருக்கிறார். பயிர் வைப்பதைவிட அந்த வருஷம் அதில்தான் காசு வந்ததாம். நாம் இரண்டு பேரும் தெருமுனையில் பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடிய விடியச் சண்டை போட்டோமே, அந்த லாரியில் வந்தது யார் கிணற்றுத் தண்ணீரோ!

2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நல்ல தண்ணியை உறிஞ்சிக் கடலை உள்ளே விட்டாங்க, அப்புறம் அந்தக் கடலையே காசு கொடுத்து நல்ல தண்ணியாக்குறாங்களா?" என்றாள். மாமா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தை வீட்டு வயலுக்குப் பக்கத்து வயல் போன வருஷம்வரை வயல்தான். இப்போது கல் நட்டு, கொடி கட்டி, நடுவில் தார் ரோடு போட்டு மனையாகிவிட்டது. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டபின், தரகர்கள் வீட்டுக்கே வந்து உட்காருகிறார்களாம். அத்தை மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறான், அறுப்புக்கு லீவு போட்டு வந்தான். அவனுக்கு விற்க மனசில்லை, வைத்துப் பயிர் செய்யவும் ஆளில்லை. மாமா இருக்கும்வரை நடக்கும் என்கிறான். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

உன் அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுத் தொலைக்கலாமா என்று எழுதியிருந்தாயே, அதை அத்தையிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, கவலைப்படாதே. அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நானும் உங்கப்பனுக்குப் போட்டுக் குடுத்தேன். அன்னிக்கு வாங்கித் தந்த பட்டுப்புடவை இன்னும் பெட்டியில இருக்கு. நிலந்தான் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. வருஷா வருஷம் சீர் வருகிறது, அண்ணன் வீட்டு வாசல் திறந்திருக்கிறது, அதற்காகத்தான் போட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டிருந்தா மட்டும் என்ன, அந்த உப்புத் தண்ணியில நான் என்ன வெச்சிருப்பேன்" என்றும் சொன்னாள். அப்புறம் உன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: "அந்த ஊர்ல சேத்துல இறங்கறது யாரு?"

நான் உன்னைக் கேட்கிற கேள்வியும் அதுதான். உன் பெரிய அண்ணன் அங்கேயே இருந்து அந்த எண்பது சென்டில் பயிர் வைக்கிறார், அதை நம்பித்தான் அவர் குடும்பம் ஓடுகிறது என்றால், நீ விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. விற்பதற்காகத்தான் கையெழுத்து வேண்டும் என்றால் கதையே வேறு. அப்போது நான்கு பேரும் உட்கார்ந்து விலை பேசட்டும், பங்கைக் கையில் கொடுக்கட்டும். உன் அப்பா உயில் எழுதவில்லை என்கிறாய். அவர் சுயமாக வாங்கிய நிலமென்றால் 1956 சட்டப்படியே உனக்கும் உன் அம்மாவுக்கும் பங்கு உண்டு. பரம்பரைச் சொத்து என்றாலும், 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் பெண்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது. இதில் அண்ணன்கள் மனசு வைத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு அலைந்தவர்கள் அவர்கள்தான், நான் பார்த்தேனே. ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு. பூனாவுக்குக் கூரியரில் வருகிற பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

ஒருமுறை நேரில் போய் அந்த நிலத்தில் நின்று பார். ஊத்துக்கோட்டை தாண்டி வருகிற அதே ஆரணியாறுதான் பொன்னேரிக்கும் வருகிறது. பிச்சாட்டூரில் அணையைத் திறந்தால் உங்கள் ஊரில் முதலில் தெரியும், அப்புறம் அத்தை ஊரில். கிணறு இருக்கிறதா, தண்ணீர் எப்படி, இப்போது உழவு நடக்கிறதா, இல்லை அங்கேயும் கல் நட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

கிளம்பிய அன்று பிள்ளைகள் அடம்பிடித்ததால் பழவேற்காட்டுக்கும் ஒரு நடை போனோம். டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்த்துச் சின்னவன் பயந்துவிட்டான், வெளியே சொல்லவில்லை. ஏரியில் பூநாரை தூரத்தில்தான் இருந்தது. காணும் பொங்கல் கூட்டம் விட்டுப்போன பிளாஸ்டிக்தான் பக்கத்தில்.

புது அரிசியில் உனக்கென்று அத்தை ஒரு சிப்பம் தனியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பள்ளிக்கூட லீவுக்கு வீட்டுக்கு வருவாயே, அந்தக் குட்டி தானே என்று கேட்டாள். பெயர் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள் பார். அரிசி புதுசு, கொஞ்சம் பழகட்டும், மார்ச்சில் நீ வரும்போது எடுத்துக்கொள்.

வரும் தேதியை முன்கூட்டியே எழுது. செங்குன்றம் போய்ப் பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் பஸ் பிடித்துவிடலாம், நானும் கூட வருகிறேன். இவருடைய சிநேகிதர் ஒருவர் பத்திர எழுத்தராக இருக்கிறார். சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் மட்டும் அனுப்பு, அதற்குள் வில்லங்கச் சான்று எடுத்து வைக்கச் சொல்கிறேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் உன் அம்மாவிடம் கேட்டு எழுது. அண்ணன்களிடம் இப்போதைக்கு ஒன்றும் பேச வேண்டாம், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி