மேடைக்கும் பிரியாணிக்கும் போக மிச்சம்

கருங்கல்
புதன்கிழமை இரவு

அன்பு மக்ளே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு பக்கம் டிவி அலறிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் உன் அம்மா சாளை பொரித்துக்கொண்டே "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் இந்தக் காகிதம். மஸ்கட்டிலிருந்து எழுதியதோடு சரி, அதற்கப்புறம் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

இனிமேல் பாதிக் கச்சேரியைக் காசு வாங்காமல் நல்ல காரியங்களுக்குப் பாடப்போகிறேன் என்றாய். நான் தடுப்பேன் என்று நினைத்தே கேட்டாய், குரலிலேயே தெரிந்தது. தடுக்கவில்லை. இதையே செய்த ஒரு மனுஷனை எனக்குத் தெரியும். நேரில் இல்லை, கேசட்டில்.

மஸ்கட்டில் எங்கள் கேம்ப்பில் ஒரு பிலிப்பினோ போர்மேன் இருந்தான். வெள்ளிக்கிழமை ஆனால் கட்டிலில் சம்மணம் போட்டுக் கிட்டார் வாசிப்பான். ஒருநாள் ஒரு கேசட்டைப் போட்டு, "உனக்கு வீட்டில் குழந்தை இருக்கிறது இல்லையா, இதைக் கேள்" என்றான். பாடியவர் அமெரிக்காக்காரர், ஹாரி சேப்பின். அப்பாவுக்கு எப்போதும் வேலை, மகனோடு விளையாட நேரம் இல்லை. மகன் வளர்ந்த பிறகு அவனுக்கு நேரம் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. எனக்கு அன்றைக்கு இருந்த இங்கிலீஷில் பாதி புரியவில்லை, அவன்தான் வரி வரியாகச் சொன்னான். கேட்டுவிட்டு வெளியே போய்த் தண்ணீர் டேங்க் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு முந்தைய லீவில்தான் நீ அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த மாமா எப்பம் போவாரு" என்று கேட்டிருந்தாய்.

அப்புறம் அந்த மனுஷனைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் வாசிப்பேன். 1942-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஜாஸ் டிரம்மர். ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு முதல் ஆல்பம் வந்தபோது வயது 29. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, பழைய காதலி தன் வண்டியிலேயே பயணியாக வந்து ஏறுவதைப் பார்க்கும் ஒரு டாக்சிக்காரனின் கதை. கிட்டத்தட்ட ஏழு நிமிஷப் பாட்டு. மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் ரேடியோக்காரர்கள் முகம் சுளித்த காலம் அது. நம்ம ஊர் வில்லுப்பாட்டுப் புலவர் மாதிரி, கதை சொல்லாமல் அவருக்குப் பாட வராது.

நான் சொன்ன அப்பா-மகன் பாட்டு 1974 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அதன் கரு அவருடையதே இல்லை, அவர் மனைவி சாண்டி எழுதி வைத்திருந்த கவிதை. முதலில் காட்டியபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகன் பிறந்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது.

1975-ல் பில் ஏர்ஸ் என்ற ரேடியோக்காரரோடு சேர்ந்து பசிக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆள் முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார். ஒரு கச்சேரி எனக்கு, ஒரு கச்சேரி அடுத்தவனுக்கு என்பது சேப்பினின் கணக்கு. வருஷத்துக்குச் சுமார் 200 மேடை, அதில் பாதிக்குப் பக்கம் அறப்பணிக்கு. நீ சொல்லும் அதே பாதி!

ஆனால் பாடிக் காசு சேர்த்துக் கொடுத்ததற்காக மட்டும் நான் அவரைச் சொல்லவில்லை. உலகத்தில் சோறு இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை, வாங்க வழியில்லாமல்தான் கிடக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் வாஷிங்டனுக்குப் போய் எம்.பி.க்களின் அறைக்கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார். அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் உலகப் பசியை ஆராய ஒரு கமிஷன் போட்டார் என்றால், அதில் இந்தப் பாட்டுக்காரர் விடாமல் நச்சரித்ததற்கும் பங்கு உண்டு. கமிஷனில் இவரும் உறுப்பினர். 1980-ல் தான் வாழ்ந்த லாங் ஐலண்டில் ஓர் உணவு வங்கி தொடங்கினார். அடுத்த வருஷம் ஜூலை 16-ம் தேதி, இலவசக் கச்சேரி ஒன்றுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போகும் வழியில், நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்துப்போனார். வயது 38. அந்த உணவு வங்கி இன்னும் நடக்கிறது. அவர் பாட்டைக் கேட்டே இராத பிள்ளைகள் அங்கே சாப்பிடுகிறார்கள்.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். இதை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை.

ஓகி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் கிடந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அடுத்த மாசி மாதம் இங்கே சிலர் சேர்ந்து, கடலில் போனவர்களின் குடும்பங்களுக்காக ஓர் இன்னிசை நிகழ்ச்சி வைத்தார்கள். யார் என்று இப்போது வேண்டாம், எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன் என்றால் லட்சணத்தைப் பார்த்துக்கொள். டிக்கெட்டும் நன்கொடையுமாக வந்தது 84,300. மேடை, மைக்செட், ஜெனரேட்டர், தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ், பாட வந்த குழுவுக்கும் வி.ஐ.பி.க்களுக்கும் பிரியாணி என்று போனது 57,000. மிச்சம் 27,300. ஒன்பது வீட்டுக்கு மும்மூவாயிரம். முன்னூறு ஆட்டோவுக்கு.

கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் நான்தான் போனேன். ஒரு வீட்டில் அந்தத் தங்கச்சி கவரை வாங்கினாள், பிரிக்கவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லிக் கட்டஞ்சாயா தந்தாள். பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவளாகவே, "பாட்டு நல்லா இருந்துதாண்ணே?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை மக்ளே, நிஜமாகவே கேட்டாள். நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் பணத்தைப் பற்றி நச்சரிக்கிறேன். பெரிய மேடையிலும் இது நடந்திருக்கிறது. 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி, வங்கதேச அகதிகளுக்காக நம்ம சிதார் ரவிசங்கர் கேட்டுக்கொள்ள, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்தினார். கச்சேரி நடத்தக் கிடைத்தது சில வாரம்தான். டிக்கெட் பணம் சுமார் 2,43,000 டாலர், யுனிசெஃபுக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய தொகை ரெக்கார்டிலும் படத்திலும் வந்தது. அதுதான் மாட்டிக்கொண்டது. கச்சேரிக்கு முன்னாலேயே அறப்பணி என்று முறைப்படி பதிந்துவைக்கவில்லை என்று வருமானவரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் இழுத்தது. ஹாரிசனின் மனசில் குறை இல்லை. காகிதம் ஒழுங்காக இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பாட ஒத்துக்கொள்ளும் முன்னே கேள். பணம் யார் கணக்கில் விழும், ரசீது யார் கொடுப்பார், மேடைச் செலவு யார் தலையில்? கடைசிக் கேள்விதான் முக்கியம். மேடைச் செலவை ஏற்க ஒரு கடைக்காரரோ கம்பெனியோ முன்வந்தால் மட்டும் பாடு, டிக்கெட் பணத்தில் கை வைக்க விடாதே. இப்படிக் கேட்டால் தலைக்கனம் என்பார்கள். என்றால் என்றுவிட்டுப் போகட்டும். நாலு பேர் உன்னைக் கூப்பிடாமல் விட்டால் அந்த நாலும் பிரியாணிக் கச்சேரிதான்.

இன்னொன்று. நீ சும்மா பாடலாம், உன் கூட வாசிக்கிற பையன்கள்? அந்த டிரம்ஸ் பையனுக்கு பெங்களூரில் வாடகை இருக்கிறது. அவனிடம் நல்ல காரியம் என்று சொன்னால் வாயைத் திறந்து காசு கேட்கமாட்டான். கோயில் கொடைக்கு வில்லடிக்க வருகிற குழுவில் புலவருக்கு மட்டுமா பங்கு? குடம் அடிக்கிறவருக்கும் உடுக்குக்காரருக்கும் பிரித்துத்தானே கொடுப்பார்கள். உன் சம்பளத்தை நீ விட்டுக்கொடு. அவனுடையதை அவன்தான் விட்டுக்கொடுக்கவேண்டும்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை உதாரணம் காட்டி அம்மா பயப்படுகிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுகினசேரிக்காரர், நாகர்கோவில் மணிமேடையில் சிலையாக நிற்கிறவர், நம்ம ஊரில் கொடைக்கு வேறு உதாரணம் தேடவேண்டாம். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார், கணக்கே பார்க்கவில்லை, 1957-ல் 48 வயதில் போய்விட்டார். "அந்த மாதிரி ஆகிவிடுவாளோ" என்பது உன் அம்மாவின் கவலை. பாட்டா உயிரோடு இருந்தபோது கலைவாணர் கதை சொல்ல ஆரம்பித்தால் கண் கலங்கிவிடும். எனக்கு அவர் கொடுத்த காசைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்துப்போனாரே, அது. அந்த இளைஞர் அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடையிலும் ரேடியோவிலும் நிறுத்திக் காட்டினார்.

உனக்கும் அப்படி ஒன்று அமையட்டும். இன்றைக்கு வெள்ளம், நாளைக்குப் புற்றுநோய், அடுத்த வாரம் தெருநாய் என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் ஓடாமல், ஒன்றைப் பிடித்துக்கொள். கடலில் அப்பாவை இழந்த பத்துப் பிள்ளைகளின் காலேஜ் பீஸ் என்று வைத்துக்கொள்ளேன், அவர்கள் படித்து முடிக்கிறவரைக்கும் விடாமல் கட்டு. பத்துதானா என்பார்கள். ஒன்பது வீட்டுக்கு மும்மூவாயிரம் கொடுத்த ஆளுக்குப் பத்து பெரிய எண்.

சேப்பினைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பிள்ளைக்கு நேரம் கொடுக்காத அப்பாவைப் பாடிவிட்டு, அவரே வருஷத்தில் 200 ராத்திரி வெளியூரில் இருந்தார். வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒரு ராத்திரி எனக்கு, ஒரு ராத்திரி அடுத்தவனுக்கு என்றால் வீட்டுக்கு எந்த ராத்திரி? பதினைந்து வருஷம் மஸ்கட்டில் கிடந்தவன் கேட்கிற கேள்வியா என்று நீ கேட்கலாம். கேள். நான் பணம் அனுப்பினேன், அதைத்தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருமகனும் குட்டியும் உன்னிடம் இதைச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

சரி, நேரமாகிறது. மட்டி வாழைக்குலை ஒன்று பழுக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் வரும்வரை தாங்காது, அடுத்த குலை டிசம்பருக்கு இருக்கும். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டால் குழித்துறையில் இறங்குங்கள், நான் ஆட்டோவோடு வந்து நிற்பேன். அந்தக் கேசட்டை இன்னும் வைத்திருக்கிறேன், டேப் ரெக்கார்டர்தான் ஓடாது. உன் மாப்பிள்ளையிடம் சொல், அவருக்கு ரிப்பேர் கைவரும்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் இங்கே ஒரு கச்சேரி வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல். எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு டிக்கெட் எடுத்து வை, ஓசி வேண்டாம். கணக்கு எழுத மட்டும் என்னைக் கூப்பிடாதே.

அன்புடன்,
அப்பா