உன் தங்கையைத் தடுக்காதே

அன்புள்ள செல்லம்மா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்றதில் நிம்மதி. இங்கே ரங்கூனில் மழை விட்டபாடில்லை, கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வந்து போகிறது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

உன் தங்கை கோவில் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கச் சேர நினைத்தாளாம், "65 வயசுல மண்டையில ஏறுமா, எங்களைப் பாரு, எட்டு வயசுலயே படிச்சோம்" என்று நீ சொன்னாயாம். இது என்ன நியாயம்? நமக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த சில வருஷங்களில் தனியார் பள்ளிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவளுக்கு எட்டு வயது ஆனபோது சொல்லித்தர இடமே இல்லை, அவ்வளவுதான்.

படிக்க இடம் கிடைக்காததை வயதின் குறை என்று நினைக்கும் இந்தக் குழப்பம் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இருந்திருக்கிறது. பேரனின் உளவியல் புத்தகத்தில் பார்த்தேன். 20 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் ஒரே நாளில் உட்காரவைத்துச் சோதித்தால் கிழவர்தான் தோற்பார். உடனே வயதானால் அறிவு மங்கும் என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கிழவருக்குச் சின்ன வயதில் எவ்வளவு படிப்பு கிடைத்தது என்று கேட்பதில்லை. வார்னர் ஷாய் என்ற உளவியல் ஆராய்ச்சிக்காரர் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி, அதே ஆட்களை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தார். வேகம் இளமையிலேயே குறையத் தொடங்குகிறது, அது உண்மை. ஆனால் சொல்லறிவும் யோசிக்கும் திறனும் நடுவயதில்தான் உச்சம். 60 வரை பெரும்பாலோருக்குப் பெரிய சரிவில்லை. பிறகு அவரும் கூட ஆராய்ந்த ஷெர்ரி வில்லிஸும் 64 வயது தாண்டியவர்களுக்கு ஐந்தே மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். ஏற்கனவே சரிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் 14 ஆண்டுக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிட்டார்கள்! எல்லோருக்கும் பலிக்கவில்லைதான்.

அப்புறம், அவள் ஒன்றும் தெரியாமலா போகிறாள்? வீட்டில் பேசுவது தமிழ். பர்மா எழுத்து கைவந்தது. அதிலும் மெய்யோடு குறி ஒட்டித்தானே உயிர் ஒலி வருகிறது. 'கே'வுக்குக் கொம்பு முன்னால் நிற்பதுபோல அங்கேயும் ஏகாரக் குறி முன்னால்தான். பாதி வேலை முடிந்த மாதிரி. ண, ன, ந மூன்றிலும் தடுமாறுவாள். நாம் தடுமாறவில்லையா?

வாத்தியாரிடம் மட்டும் ஒன்று சொல்லிவை: சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து, நேரம் குறித்து எழுதச் சொல்ல வேண்டாம். பெரிய எழுத்து அரிச்சுவடி கிடைத்தால் உங்கள் மோல்மேன் ஊருக்கு வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் அவளைக் கண்ணாடி மாற்றச் சொல், அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
கமலா