பருவ முடிவுக் கடிதம்: ஆறாம் வகுப்பு வரைபடம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் குறித்த நாளில் நடந்தன, விளையாட்டில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஆறாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் வரலாற்று வரைபடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அதன் படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. மத்திய ஆசியாவிலிருந்து ஆரியர் வந்ததைக் காட்டும் அம்புக்குறியை எடுத்துவிடுங்கள் என்று சிலர் ஆசிரியையிடம் கேட்டீர்கள். அதைப் படையெடுப்பு என்றே எழுதுங்கள் என்று வேறு சிலர் கேட்டீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. வகுப்பில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியை பாடத்தை அம்புக்குறியில் தொடங்குவதில்லை, ஆறுகளில் தொடங்குகிறார். ரிக் வேதத்தில் வரும் ஆற்றுப் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பிள்ளைகளையே ஒட்டச் சொல்கிறார். விதஸ்தா இன்றைய ஜீலம், அசிக்னி செனாப், பருஷ்ணி ராவி, சுதுத்ரி சட்லஜ். சீட்டுகள் பஞ்சாப் பக்கமே குவிகின்றன. கங்கைக்கு அந்த நூலில் சொற்ப இடம்தான். காலத்தால் பிந்திய சதபத பிராமணம் என்ற வேத நூலுக்கு வந்தால், கதை கிழக்கே பீகார் பக்கத்துச் சதாநீரா ஆறு வரை போகிறது. மக்கள் எந்தத் திசையில் பரவினார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது.

அந்த அம்புக்குறி புள்ளிக்கோடாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே, பல தலைமுறைகளாக, கூட்டம் கூட்டமாக நடந்த இடப்பெயர்வு அது. மொழிகளின் உறவும், 2019-இல் வெளியான மரபணு ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன. ஒரு படை வந்து ஹரப்பா நகரங்களை அழித்ததற்கு அகழாய்வில் சான்று இல்லை. அந்த நகரங்கள் கி.மு. 1900 வாக்கிலேயே தேயத் தொடங்கிவிட்டன. வந்தவர்களும் இங்கே இருந்தவர்களும் கலந்தார்கள். அந்தக் கலப்பு வடக்கிலும் தெற்கிலும் பெரும்பாலோரிடம் கூடியும் குறைந்தும் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம் வேறு. சென்ற வாரம் ஒரு பிள்ளையை, அவன் குடும்பத்தைச் சொல்லி, சக மாணவர்கள் "வந்தேறி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் அழுதுகொண்டே என் அறைக்கு வந்தான். அந்தச் சொல் எங்கள் பாடத்தில் இல்லை. பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்கு வருகிறது. இனி யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டால், கூப்பிட்ட பிள்ளையின் பெற்றோரை நேரில் அழைப்பேன். எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டேன். வரைபடம் சுவரில் இருக்கும். இரவில் ஆசிரியைக்குப் போன் செய்வதும், வகுப்பு நேரத்தில் வாசலில் நிறுத்திக் கேட்பதும் இன்றோடு நிற்க வேண்டும்.

கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வாருங்கள். ஆசிரியையும் நானும் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே இருப்போம், எவ்வளவு நேரமானாலும் பேசலாம். குழுவில் பேச்சு சூடானபோது பொறுமையாகத் தணித்த பெற்றோருக்கும், வகுப்புக்குப் பழைய அட்லஸ் ஒன்றைக் கொடுத்தனுப்பிய தாத்தாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்