புதிதாக வாங்கிய கழிவுப் பொருட்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் மற்றும் தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் பள்ளியில் நடந்த ‘கழிவிலிருந்து கலை’ கண்காட்சியைப் பற்றி எழுதுகிறேன். அங்கே நடந்தது தங்களுக்குத் தெரியும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி எழுந்த பேச்சும் தெரியும். மறுநாள் காலையிலேயே அந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் பதிவிடலாம் என்று மாற்றப்பட்டதே, அதுவும் தங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்காது. அங்கே பேச வழியில்லாததால் இங்கே எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். கைவேலை என்றால் பிள்ளைகள் அதை வகுப்பிலேயே, தங்கள் கையாலேயே, வீட்டில் உண்மையில் தூக்கிப் போடுகிற பொருளை வைத்துச் செய்யட்டும். அதற்காகக் கடையில் எதையும் வாங்கச் சொல்லாதீர்கள்.

கண்காட்சிக்குப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல் வந்தது இரவு எட்டு மணிக்கு மேல். ஐஸ் குச்சி ஒரு கட்டு, பேப்பர் கப் பத்து, கலர் ஸ்ட்ரா ஒரு பாக்கெட், தெர்மாகோல் அட்டை, கலர் சார்ட், கிளிட்டர், ஹாட் க்ளூ குச்சி. மேலே தலைப்பு: ‘தேவையான வேஸ்ட் மெட்டீரியல்’. பள்ளிக்கு எதிரே இருக்கிற ஸ்டேஷனரி கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், எல்லோர் கையிலும் அதே பட்டியல். கடைக்காரர் போனைப் பார்க்கக்கூட இல்லை. “எத்தனாம் வகுப்புக்கா?” என்றார். நான்காம் வகுப்பு என்றதும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து வைத்தார். “வேஸ்ட் மெட்டீரியல் செட்டு, 220 ரூபா. செய்ய நேரம் இல்லேன்னா ரெடிமேடாவும் இருக்கு. பென் ஸ்டாண்டு 350, அருவி 600. காலையில வந்தா அருவி கிடைக்காதுக்கா.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வியாபாரி. பட்டியல் எங்களுக்கு வருவதற்கு முன்பே அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் சந்தேகம். அதற்கான பதிலை நான் கேட்கப்போவதில்லை, தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு பதினோரு மணிக்கும் எங்கள் தெருவில் விளக்கு எரிந்த வீடுகளெல்லாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அம்மாக்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாட் க்ளூ துப்பாக்கியை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யார் கொடுப்பார்கள்? பெரியவர்களுக்கே விரல் கொப்பளிக்கிறது. ஆக, பட்டியல் போடும்போதே தெரிந்திருக்க வேண்டும், இதைப் பிள்ளை செய்யப்போவதில்லை என்று.

நான் அந்த செட்டை வாங்கவில்லை. என் மகள் வேறொன்று செய்தாள், அவள் அப்பத்தாவோடு சேர்ந்து. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவராக வந்தவர் அதை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் சொளகு, அதாவது முறம், மெழுகுவார்கள். மூங்கில் சொளகில் இடுக்கு விழுந்து தானியம் ஒழுக ஆரம்பித்தால் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். அதே கூழில் கூடையும் செய்வார்கள். இது நடந்தது அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே. கண்காட்சி உண்டு என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் என் மாமியார் ஆரம்பித்தார். பழைய நாளிதழையும் போன வருடத்து நோட்டுப் பக்கங்களையும் மகள் கிழித்து வாளியில் ஊறப்போட்டாள். ஊறியது நன்றாகக் குழைந்ததும், தனியே ஊறவைத்த வெந்தயத்தைச் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்தார்கள். அந்த வழவழப்புதான் பசை. வேறு பசை வேண்டாம், வெந்தயக் கசப்புக்குப் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. ஒரு சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணி சுற்றி, அதன்மேல் கூழை அப்பி அப்பித் தட்டினாள் என் மகள். ஓர் இடத்தில் மெல்லியதாக இருந்தால் காயும்போது வெடிக்கும் என்று அப்பத்தா சொல்ல, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக் கனத்தைச் சமப்படுத்தினாள். மொட்டை மாடியில் காய வைத்து, மேகம் போட்டால் உள்ளே தூக்கி வந்து, வெயில் வந்தால் மறுபடி கொண்டுபோய் வைத்தாள். காய்ந்து சுருங்கியதும் சட்டியிலிருந்து தானாகக் கழன்று வந்தது. அந்த நேரத்தில் அவள் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு ரூபாய் செலவில்லை. வெந்தயம் மட்டும் அடுப்படியில் இருந்தது.

நடுவர் சொன்னது: “ஃபினிஷிங் இல்லை. என்னமோ வாடை வேற வருது.” கூடை பின் வரிசைக்குப் போனது. முதல் பரிசு மோட்டாரும் எல்இடி பல்பும் வைத்த அருவிக்கு. பரிசு வாங்கிய பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மோட்டார் எந்த வீட்டுக் குப்பைத் தொட்டியிலிருந்து வந்தது என்று நடுவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதே அருவி, அதே நீல நிற கிளிட்டரோடு, ஐந்தாம் வகுப்பு மேசையிலும் இருந்தது. ஆறாம் வகுப்பிலும் இருந்தது.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தை. அம்மா மல்லிகை கட்டி விற்பவர். பூக் கட்டியது போக மிஞ்சும் வாழைநாரைப் பின்னி அந்தப் பெண் ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தாள். பட்டியலில் வாழைநார் இல்லையாம். பெயரே பதியவில்லை. கழிவுப் பொருளில் செய்த கைவேலை என்று அந்தக் கூடத்தில் எதையாவது காட்ட முடியுமென்றால் அது அந்தப் பொம்மைதான். அதை மேசையில் வைக்க இடமில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அடுத்தது கண்காட்சி முடிந்த பிறகு நடந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்தபோது பாதி வண்டி நம் பள்ளியின் ‘கலை’தான். தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு பென் ஸ்டாண்டைத் தூக்கிக் காட்டி, “இதை எதுல போடறது?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வெறும் தண்ணீர் பாட்டிலாக இருந்திருந்தால் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடுத்திருப்பார்கள். வெறும் அட்டையாக இருந்திருந்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்திருப்பார்கள். பாட்டில்மேல் ஹாட் க்ளூ, அதன்மேல் தெர்மாகோல் உருண்டை, அதன்மேல் கிளிட்டர், அதைச் சுற்றிச் சாட்டின் ரிப்பன் என்று ஆனபிறகு அதை எவரும் பிரிக்க முடியாது, எந்தக் கடையும் வாங்காது. மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பாட்டிலைக் குப்பை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்குச் சான்றிதழும் கொடுத்திருக்கிறோம்.

பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அலங்காரத்துக்கான தெர்மாகோலை நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். கடையில் இன்னும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். ஆனால் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் போட்டிக்கு அதைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா? பள்ளி வாசலில் ‘நெகிழியை ஒழிப்போம்’ என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். அதை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ்.

2021 டிசம்பரில் பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது பிள்ளைகளை மஞ்சள் பையோடு வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தீர்கள். நல்ல படம். அந்தப் பைகள் எங்கே வாங்கப்பட்டன, அதற்கு எங்களிடம் எவ்வளவு வசூலித்தீர்கள் என்ற பழைய கதைக்குள் இப்போது போக வேண்டாம்.

போகாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த ஒரு கண்காட்சியோடு முடிகிற விஷயமா இது? தலைவர்கள் படம் ஒட்டச் சொன்னால் கடையில் தலைவர்கள் படச் சார்ட். தானியங்கள் ஒட்டச் சொன்னால் கடையில் குட்டிக் குட்டிக் கவரில் தானியங்கள், பத்து ரூபாய்க்கு ஐந்து கேழ்வரகு. வேர் வகைகள் கொண்டுவரச் சொன்ன வாரம் ஆன்லைனில் புல் விற்றாலும் வாங்கியிருப்போம். மாறுவேடப் போட்டிக்கு வாடகை பாரதியார், வாடகை மீசை. ஆண்டு விழா நடனத்துக்கு ஒரே ஒரு நாள் போட 900 ரூபாய் ஜிகினா உடை, அடுத்த நாள் அது பீரோவில். எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் வளரறி மதிப்பீடும் வந்தபோது, மனப்பாடத்தைக் குறைத்துச் செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்று சொன்னார்கள். இப்போது அந்த மதிப்பெண்ணை நாங்கள் கடையில் வாங்குகிறோம். ஸ்டேஷனரி கடைக்காரரின் மகன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று தெரியவில்லை, அவனுக்காவது தள்ளுபடி கிடைக்கும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நம் பள்ளி அறிவியல் கூடச் சுவரில் அரவிந்த் குப்தாவின் படம் இருக்கிறது. ஆசிரியர்கள்தான் ஒட்டியிருப்பார்கள், அவர்களுக்கு என் நன்றி. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமப் பள்ளிகளுக்குப் போய் அங்கே கையில் கிடைத்ததை வைத்துப் பொம்மை செய்யத் தொடங்கியவர். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சியைச் செருகிச் சதுரம் செய்தால், விரல் பட்டதும் சாய்கிறது. முக்கோணம் செய்தால் அசையாது நிற்கிறது. பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி போடுகிறார்கள் என்று ஒரு பிள்ளைக்கு இதைவிட எளிதாக எப்படிப் புரியவைப்பது? இந்த வேலைக்குத்தான் அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் சுவருக்குக் கீழே மேசை போட்டுத்தான் மோட்டார் அருவியை வைத்திருந்தீர்கள்.

பெரிதாக எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, மூன்று பாடவேளை போதும். ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகள் வீட்டில் விழுகிறதைச் சேர்த்து வைப்பார்கள்: கல்யாணப் பத்திரிகை, கொட்டாங்குச்சி, அறுந்த செருப்பு வார், பால் கவர், தையல் கடை வெட்டுத் துணி, தீர்ந்துபோன பேனா. யார் வீட்டில் என்ன இருக்கிறதோ அது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் பூக்காரம்மா பிள்ளைக்கும் அந்த மேசையில் ஒரே பொருள் கிடைக்கும், ஏனென்றால் எல்லாவற்றையும் நடுவில் கொட்டிவிட்டுத்தான் எடுக்கச் சொல்லப்போகிறீர்கள். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சிக்கொள்ளலாம். கட்ட நூலும் நாரும் இருக்கிறது. முடிந்தபிறகு எதைப் பிரித்து எந்தக் கடையில் போடலாம் என்று பிள்ளைகளே சொல்லட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். நான்காம் வகுப்புப் பிள்ளை செய்தது கோணலாகத்தான் இருக்கும். நேராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெற்றோரிடம் உதவி வேண்டுமென்றால் கேளுங்கள். என் மாமியார் வருவதாகச் சொல்கிறார். ஆட்டுக்கல்லைத் தூக்கி வர முடியாது, பள்ளிச் சமையல்கூட கிரைண்டரைக் கொடுத்தால் கூழ் அரைத்துத் தருவார். வெந்தய வாடைக்கு மட்டும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் விழாவுக்கு ‘வேஸ்ட் மெட்டீரியலில் பொங்கல் பானை’ என்று அடுத்த போட்டி வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். கடைக்காரர்தான் சொன்னார், தெர்மாகோல் பானை இறக்கிவிட்டாராம். அந்தச் சுற்றறிக்கை வெளியே போவதற்கு முன் தாங்கள் ஒரு முறை கையில் வாங்கிப் படித்து, ‘தேவையான பொருட்கள்’ என்ற பகுதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘எதையும் விலைக்கு வாங்க வேண்டாம், வகுப்பிலேயே செய்வோம்’ என்று எழுதித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிலை மகளின் டைரியில் எழுதி அனுப்பினால் போதும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நன்றி என்று பதில் எழுதக்கூட எனக்கு வழியில்லை.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா