வாசலில் நின்று எங்கள் பண்ணையைக் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற மார்கழியில் ஒரு காலை, தொட்டியைத் தட்டினாலே முண்டியடித்து வரும் பன்றிக்குட்டிகள் எழவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. இரண்டுக்குக் காதுமடல் ஊதாவாகியிருந்தது. எங்களிடம் வேலை செய்யும் அசாம் தம்பி அந்த நிறத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். 2020-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமில் நுழைந்தபோது, அவன் வீட்டுப் பன்றிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதே நோய் 2022-இல் வயநாட்டுக்கும், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளுக்கும் வந்துவிட்டது. நம் நாட்டில் அதற்குத் தடுப்பூசி கிடையாது.

முதல் நன்றி பக்கத்துப் பண்ணை அண்ணனுக்கு. “நன்றாக இருப்பதை இன்றைக்கே ஏற்றிவிடுங்கள், காசாவது மிஞ்சும்” என்று வியாபாரி ஒருவர் லாரியுடன் வந்து நின்றார். நானும் கதவைத் திறக்கப் போனேன். அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றபடியே, “தம்பி, நோய் உள்ளே இருக்கும் பன்றி சில நாள் நன்றாகத்தான் தெரியும். நீ ஏற்றி அனுப்பினால் அது என் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். டாக்டரைக் கூப்பிடு” என்றார். லாரி வெறுமையாகத் திரும்பியது. மாதவரம், செங்குன்றம் பக்கத்துப் பண்ணைகள் பலவற்றை அன்று காப்பாற்றியது அந்த ஒரு சொல்தான் என்று நான் நம்புகிறேன்.

கால்நடை மருத்துவர் அம்மா மதியத்துக்குள் வந்தார். வாசலிலேயே காலணி மாற்றினார். குட்டிகளுக்குக் காய்ச்சல் 41 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்தது. “ஆப்பிரிக்கக் காய்ச்சலா, நம் ஊரில் வெகுகாலமாக இருக்கும் பழைய பன்றிக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்” என்றார். செத்த குட்டியை முற்றத்தில் அறுத்துப் பார்க்க முயன்ற எங்களைத் தடுத்ததும் அவரே. சிந்தும் ரத்தத்தில் கிருமி இருக்கும். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கும்வரை உடன் நின்றார்.

இதற்குள் தெருவில் பயம் பரவியிருந்தது. செய்தித்தாள்கள் மனிதருக்கு வரும் எச்1என்1 காய்ச்சலையும் பன்றிக் காய்ச்சல் என்றே எழுதுகின்றன. மக்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர் அம்மா அந்தக் களைப்பிலும் தெருமுனைக்குச் சென்று, பன்றிகளுக்கு வரும் ஆப்பிரிக்கக் காய்ச்சல், பழைய பன்றிக் காய்ச்சல் இரண்டும் மனிதரைத் தொற்றாது என்று பொறுமையாக விளக்கினார். கேட்டுவிட்டுக் கலைந்து சென்ற அக்கம்பக்கத்தாருக்கும், மறுநாள் அசாம் தம்பிக்குச் சோறு கொடுத்தனுப்பிய அக்காவுக்கும் நன்றி. அவன் மூன்று வாரம் வாசலைத் தாண்டவில்லை.

ஆய்வக முடிவு வந்தது: பழைய பன்றிக் காய்ச்சல். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போட்டிருந்த தாய்ப் பன்றிகள் பிழைத்தன. பதினொரு குட்டிகள் போயின. புதிதாக வாங்கிய குட்டிகளை வந்த அன்றே மந்தையில் கலந்தது என் தவறு. அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பன்றிகளுக்குத் தீனியாக மிச்ச உணவு தரும் ஓட்டல் சமையலறைத் தோழர்களுக்குத் தனி நன்றி. இறைச்சிக் கழிவு வழியாகவும் ஆப்பிரிக்கக் காய்ச்சல் தொலைதூரம் பயணிக்கிறது. நான் கேட்ட நாளிலிருந்து நீங்கள் இறைச்சியைத் தனி வாளியில் ஒதுக்குகிறீர்கள். மீதியை நாங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவைத்தே கொடுக்கிறோம். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த கைகள் எனக்காக இன்னொரு வாளியையும் பார்த்துக்கொள்கின்றன. இதற்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரவில்லை.

அடுத்த வாரம் ஆறு பெண் குட்டிகள் வருகின்றன. முப்பது நாள் அவை தனிக் கொட்டகையில் இருக்கும். அதற்குத் தன் தோப்பின் ஓரத்தை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கும் பெரியவருக்கு என் வணக்கம்.

நன்றியுடன்,
செங்குன்றம் சாலையோரப் பன்றிப் பண்ணையாளர்