வேலிக்கு உள்ளே ஐந்து இரவுகள்

ஜோகன்னஸ்பர்க்,
ஜூலை மாதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவிலிருந்து நேற்று மாலைதான் அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா நலமாக இருக்கிறார். ஐந்து நாளும் காரில் உட்கார்ந்திருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, வேறு குறை ஒன்றுமில்லை. தொலைபேசியில் நீ எடுத்த எடுப்பில் கேட்டது சிங்கத்தைப் பார்த்தோமா என்பதைத்தான். பார்த்தோம். அதைவிட முக்கியமாக உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும் மே மாதம் பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் நீங்கள் மூவரும் இங்கே வருவதாக அனுப்பிய திட்டத்தில், பூங்காவுக்குள் ஐந்து இரவுக்கு ஐந்து தங்கும் முகாம்கள் என்று எழுதியிருந்தாய். அதை மாற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வரைபடத்தில் விரல் வைத்து அளந்தால் தூரங்கள் சிறியவையாகத்தான் தெரியும். இந்தப் பூங்கா வடக்கு தெற்காக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளம். பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 என்பது சட்டம். அந்த வேகத்தில்கூட யாரும் போவதில்லை, போகவும் முடியாது. லோயர் சாபி முகாமிலிருந்து சத்தாரா முகாம் 93 கிலோமீட்டர்தான். காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட நாங்கள் போய்ச் சேரும்போது பிற்பகல் மூன்று. வழியில் ஒரு யானைக் கூட்டம் சாலையைக் கடந்து முடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியாக வந்த குட்டி நடுச்சாலையில் நின்று, எங்கள் காரைத் துதிக்கை நீட்டி மோப்பம் பிடித்துவிட்டுத்தான் தாயின் பின்னே ஓடியது. முகாமுக்கு முகாம் மாறிக்கொண்டே இருந்தால், அந்தக் குட்டியைப் பார்க்கும்போதும் உன் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

கடிகாரத்தை மறக்கவும் முடியாது. இந்த மாதங்களில் முகாம் வாயில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடப்படும், மே மாதத்திலும் அதே நேரம்தான். அதற்குப் பிறகு வந்தால் அபராதம். மூன்றாம் நாள் மாலை, சூரியன் சாயும் வேளையில், ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வாயில் மூட நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தோம். மாப்பிள்ளைக்கு உள்ளங்கையெல்லாம் வியர்த்துவிட்டது. பகலில் காரை விட்டு இறங்கவும் கூடாது. அனுமதித்த சில இடங்களில் மட்டும்தான் இறங்கலாம். விலங்குகள் வெளியே தங்கள் போக்கில் நடக்க, மனிதர்கள் அந்தி சாய்ந்ததும் மின்வேலிக்குள் போய் அடைந்துகொள்ளும் ஊர் அது. முதல் நாள் எனக்கு அது சற்று நெருக்கடியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மாலை முதல், வாயில் மூடும் அந்த வேளைக்காகவே காத்திருக்கத் தொடங்கினேன்.

தங்கும் வீடுகளை ரொண்டாவல் என்கிறார்கள். வட்டச் சுவர், மேலே புல் வேய்ந்த கூம்புக் கூரை; உள்ளே கட்டில், கொசுவலை அடித்த சன்னல், குளியலறை. சமையல் மேடையும் குளிர்பதனப் பெட்டியும் திண்ணையில், வெட்டவெளியில் இருக்கும். நான் அரிசி, பருப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். முகாம் கடையில் விறகு, கரி, இறைச்சி, ரொட்டி, கொஞ்சம் காய்கறி கிடைக்கும். பெட்டிக் கதவில் தாழ்ப்பாள் போட்டிருப்பதைப் பார்த்து எதற்கென்று நினைத்தேன். மறுநாள் காலை, ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுத் தேநீருக்கு நீர் வைக்கத் திரும்பிய நொடியில், வெர்வெட் குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. கருத்த முகம், அதைச் சுற்றி வெள்ளை முடி. உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் தின்றது. பாப்பா கையில் பழத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விடாதீர்கள்.

லோயர் சாபியில் இரண்டு இரவு தங்கினோம். முகாமை விட்டு வெளியே வந்ததும் சன்செட் டாம் என்ற நீர்த்தேக்கம் சாலையை ஒட்டியே இருக்கிறது. எல்லாரும் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பாதான் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் இருந்தோம். முதலில் நான் பாறை என்று நினைத்தவை நீர்யானைகளின் முதுகுகள். அவற்றில் ஒன்றின் மேல் நான்கைந்து ஆமைகள் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நீர்யானை மூச்சுவிட மெல்ல எழும்பும்போது ஆமைகளும் சேர்ந்து எழும்பின. அது முழுக அமிழ்ந்தபோது ஒவ்வொன்றாக நீரில் நழுவி விழுந்தன, பிறகு அது எழுந்ததும் மறுபடி முண்டியடித்து ஏறின. கரையில் வாயைத் திறந்தபடி கிடந்த முதலை அந்த ஒன்றரை மணி நேரமும் அசையவே இல்லை. பத்து நிமிடத்தில் கிளம்பியிருந்தால் பாறைகளைப் பார்த்தோம் என்றுதான் இன்று உனக்கு எழுதியிருப்பேன்.

ஒரு நாள் ஸ்கூகூசாவுக்குப் போய்வந்தோம். அதுதான் தலைமை முகாம். கடை, உணவகம், நூலகம் எல்லாம் உண்டு. முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் ஆயிற்றே, நூலகத்தை விடுவேனா? ஹாரி வோல்ஹூட்டர் என்ற காவலர் 1903இல் தன்னைக் கவ்வி இழுத்துச் சென்ற சிங்கத்தை இடுப்புக் கத்தியால் குத்திக் கொன்று உயிர் பிழைத்தார். அந்தக் கத்தியும் அந்தச் சிங்கத்தின் தோலும் அங்கே இருக்கின்றன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஊரின் பெயர். 1902இல் பொறுப்பேற்ற முதல் காப்பாளர் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அந்தப் பகுதியின் சோங்கா மக்கள் வைத்த பெயர் அது. துடைத்துப் பெருக்கியவர் என்பது அதன் பொருள். வேட்டைக்காரர்களை மட்டும் அவர் அகற்றவில்லை, அங்கே குடியிருந்த மக்களையும் சேர்த்தே அகற்றினார். 1926இல் இது தேசியப் பூங்கா ஆன பின்னும் அது நிற்கவில்லை. வடகோடியில் மகுலேக்கே மக்களை 1969இல் அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1998இல், அந்த நிலம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. அவர்களோ அதை உழாமல், காடாகவே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். நீ பாப்பாவுக்கு யானையையும் வரிக்குதிரையையும் காட்டும்போது இதையும் ஒரு கதையாகச் சொல். அவளுக்குப் புரியும்.

மீதி மூன்று இரவும் சத்தாராவில். இந்தப் பெயருக்கு நம் நாட்டுத் தொடர்பு ஒன்று சொல்கிறார்கள்: அக்காலத்தில் இந்நிலத்தை அளந்தவரின் இந்திய உதவியாளர், பதினேழாம் எண் மனைக்கு இந்தியில் 'சத்ரா' என்று குறித்தாராம், அதுவே சத்தாரா ஆயிற்றாம். சமவெளிப் புல்காடு, முள்மரங்கள், மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரூலா மரங்கள். எங்களுக்கு வேலியை ஒட்டிய குடில் கிடைத்தது.

இரண்டாம் இரவு சாப்பாட்டுக்குப் பின் அப்பாவும் நானும் விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் குடிலில் இறைச்சி சுட்ட அடுப்பில் கங்கு இன்னும் சிவந்திருந்தது. சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆள் நடப்பது போல, ஆனால் ஆளைவிட மெதுவாக. கழுதைப்புலி ஒன்று வேலியின் ஓரமாகவே வந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் இடையே பத்தடிகூட இருக்காது. முன்னங்கால் உயர்ந்து பின்புறம் சரிந்த உடல், வட்டக் காது, ஒரு காதின் ஓரம் கிழிந்திருந்தது. நின்று மூக்கை உயர்த்தி, ஈரமாக, நாய் மூச்சுவிடுவது போல இழுத்தது. எங்களைப் பார்க்கவே இல்லை. பிறகு அதே நடையில் அடுத்த குடிலுக்குப் போய்விட்டது. சிறு வயதில் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு அருவருப்பு. அன்று அது போன பிறகு, இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று மனம் ஏங்கியது. அவற்றுக்கு எலும்புத் துண்டு எறிவது பெருங்குற்றம். மனிதரிடம் உணவு கிடைக்கும் என்று பழகிப் பயம் விட்டுப்போன விலங்கைக் கடைசியில் சுட வேண்டியதாகிவிடும்.

அன்று விடியற்காலை நாலரை மணிக்குச் சிங்கம் கர்ச்சித்தது. நாம் திரைப்படத்தில் கேட்கும் உறுமல் இல்லை அது. தொலைவில் தொடங்கி, நீண்டு, பிறகு குட்டை குட்டையாகத் தேய்ந்துகொண்டே போய் அடங்கும். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் கேட்கிறது. மறுநாள் காலை மண்சாலையில் பெண்சிங்கம் ஒன்று எங்கள் காரை உரசுவதுபோல் நடந்து போனது. அது நேரில் வந்தபோது, முந்தைய இரவு கேட்ட குரலுக்கு உரியது என்பதால் எனக்கு ஏதோ தெரிந்தவரைப் பார்த்ததுபோல் இருந்தது. முகாம் வரவேற்பறையில் எந்த விலங்கு எங்கே தென்பட்டது என்று வண்ணக் காந்தங்கள் ஒட்டிய வரைபடப் பலகை இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஓடாதே. அங்கே நீ போய்ச் சேரும்போது இருபது கார்கள் நிற்கும், விலங்கு இருக்காது.

ஆகவே லோயர் சாபியில் இரண்டு இரவு, சத்தாராவில் மூன்று இரவு என்று வைத்துக்கொள். மே மாத முன்பதிவு இப்போதே திறந்துவிட்டது. 11 மாதங்களுக்கு முன்பே கொடுக்கிறார்கள், வேலியோரக் குடில்கள்தான் முதலில் தீர்ந்துபோகும். பூங்காவினர் அழைத்துச் செல்லும் திறந்த வண்டி இரவுச் சுற்றுலாவுக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். பாப்பாவுக்கு ஏப்ரலில் ஆறு முடிந்துவிடுகிறது, கவலையில்லை. இது மலேரியா உள்ள பகுதி. அபாயம் மிகுந்த காலத்தின் கடைசிப் பகுதிதான் மே. புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு அவளுக்கு மாத்திரை வாங்கிவிடுங்கள். விடியற்காலையில் நல்ல குளிர். காது மூடும் கம்பளித் தொப்பி ஒன்று பின்னத் தொடங்கியிருக்கிறேன். அவள் தலைச் சுற்றளவை மருமகளிடம் அளந்து எழுதச் சொல். தேதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்காவுக்குத் தெரிவித்துவிடு.

அன்புடன்,
அம்மா