காசு ஏன் குழுவின் கைக்கு வருவதில்லை

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக நெல் வெட்டு முடிந்துவிட்டது. முத்தையன்கட்டுக் குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்பதால் சிறுபோகத்துக்கும் சனம் ஆசைப்படுகிறது. யானைதான் இந்த முறையும் தென்னம்பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கனடாவில் உங்கள் ஊர்ச் சங்கம் சேர்த்த காசை இங்கே எங்கள் அறக்கட்டளைக்கு அனுப்பாமல் எங்கள் கல்விக் குழுச் செயலாளரின் கணக்கில் நேரே போட்டால் வேலை வேகமாக நடக்காதா என்று எழுதியிருந்தாய். நடக்கும், ஒரு தடவை. அடுத்த மாதமே ஊருக்குள் கதை கிளம்பும். செயலாளராக இருக்கிற அந்தப் பிள்ளை பிறகு எந்த வீட்டுப் படலையைத் திறந்து போய் விசாரிக்கும்?

பதிவும் வங்கிக் கணக்கும் அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கின்றன. அதன் கீழே கல்வி, மருத்துவம், அனர்த்தம் என்று குழுக்கள். எல்லோரும் சம்பளமில்லாத ஊர்ச்சனம்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தையல் வேலை செய்யும் அக்கா, ஓட்டோக்காரர். யாராவது உதவி கேட்டு எழுதினால், கிராம அலுவலரின் கடிதத்தோடு மட்டும் நிற்பதில்லை. அந்த வட்டாரத்தைச் சேராத இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். சொந்தக்காரர் போகக்கூடாது என்பது விதி. வன்னியில் அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், கொஞ்சம் பின்னுக்குப் போனால் எல்லோரும் மாமன் மச்சான்தான். பார்த்ததைப் போயா தினக் (பௌர்ணமி விடுமுறை) கூட்டத்தில் சொல்லி, கூட்டறிக்கைக் கொப்பியில் எழுதி, சிபாரிசை மேலே அனுப்புவார்கள். தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைத்த காசோலை கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும். குழுவின் வேலை பார்ப்பதும் சொல்வதும்தான். காசைத் தொடாததால்தான் அவர்களால் துணிந்து "இந்த வீட்டுக்குத் தேவையில்லை" என்று சொல்ல முடிகிறது.

மருத்துவக் குழுவுக்கு மட்டும் கொஞ்சம் சில்லறைக் காசு கையில் இருக்கும். சிறுநீரக நோயாளிக்கு வாரத்தில் இரண்டு மூன்று தரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டும், போயா வரும்வரை இருக்க முடியாது. 2022இல் தட்டுப்பாட்டால் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர்தான். ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் போய்வந்தால் அந்தப் பங்கு அநேகமாக முடிந்துவிடும். அறக்கட்டளையிடம் காசு இருந்தது, எண்ணெய் இல்லை. குழுவிலிருந்த ஓட்டோக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்து, தங்கள் உழைப்பை விட்டுக்கொடுத்து ஓடினார்கள். உங்கள் சங்கம் எவ்வளவு அனுப்பியிருந்தாலும் அன்றைக்கு அந்த ஓட்டத்தை வாங்கியிருக்க முடியாது, மச்சான்.

2018 டிசம்பர் வெள்ளத்திலும் இதே கதைதான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சனம் பாடசாலைகளில் தங்கியிருந்தது. வெளியிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் வந்து குவிந்தது. மத்தியானம் மிஞ்சியது, இரவுக்கு ஒன்றுமில்லை. பெண்களுக்கு மாற்றுத்துணி, கைக்குழந்தைக்குப் பால்மா என்று யாரும் நினைக்கவில்லை. குழுப் பெண்கள் வகுப்பறை வகுப்பறையாகப் போய்ப் பட்டியல் எழுதிய பிறகுதான் சரியான சாமான் வந்தது.

குறையும் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில் நிர்வாகம், மரணச் சங்கம், எதை எடுத்தாலும் அதே நாலைந்து முகங்கள். எங்கள் குழுக்களிலும் அவர்கள்தான். ஒரே மனுசன் காலையில் வாய்க்கால் கூட்டத்துக்கும் பின்னேரம் புலமைப்பரிசில் கூட்டத்துக்கும் தலைமை தாங்கினால் எதைத்தான் யோசிப்பான்? இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவர் ஒரே பொறுப்பில் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். சிலருக்கு முகம் கறுத்துவிட்டது. கூட்டத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றியது அதைவிடப் பெரிய மாற்றம் என்பேன். கடைசி பஸ் போய்விடுமென்ற பயமும் யானைப் பயமும் இல்லாததால் பெண்கள் முடிவுவரை இருக்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள். 2023இல் ஏழைக் குடும்பங்களுக்கான அரசின் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, பட்டியலில் விடுபட்ட வீடுகளை முதலில் சொன்னதும் அவர்கள்தான்.

அப்புறம், உங்கள் சங்கம் கேட்ட அந்தப் படம். பிள்ளை புத்தகப்பையோடு உங்கள் சங்கத்தின் பதாகைக்கு முன் நிற்கவேண்டுமாம். அது மட்டும் முடியாது. 2009இல் போர் முடிந்த பிறகு தறப்பாளுக்கும் வாளிக்கும் வரிசையில் நின்று படத்துக்கு முகம் கொடுத்த சனம் இது. பற்றுச்சீட்டு, அதிபரின் கடிதம், வருடக் கணக்கறிக்கை எல்லாம் அனுப்புவோம். யாருக்குக் கொடுத்தோம் என்பது கொப்பியில் இருக்கும், முகநூலில் இருக்காது. உங்கள் தலைவருக்கு இதைப் பக்குவமாக நீதான் சொல்லவேண்டும், நான் எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். போயாவையும் சேர்த்து நின்று ஒரு கூட்டத்துக்கு வா. காசு அனுப்பியவன் என்று யாருக்கும் சொல்லமாட்டேன், பின்னுக்கு இருந்து கேள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்,
ஒட்டுசுட்டான்